திராட்சை நாற்றின் தண்டுக்குள் வரும் பூஞ்சை: குச்சி வெட்டுவதிலிருந்து பை விற்கும் வரை

பழநி மலையின் கிழக்கு அடிவாரத்தில், வத்தலக்குண்டு முதல் நிலக்கோட்டை, கொடைரோடு வரை பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டவர்களுக்கு இது பழகிய தொல்லை. முதல் ஆண்டு எல்லாக் கொடியும் ஓரளவு ஏறிவிடும். இரண்டாம் ஆண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கொடிகள் பின்தங்கும். கணுவுக்குக் கணு இடைவெளி குறையும், இலை சிறுத்து வெளிறும், கவாத்துக்குப் பிறகு மொட்டு உடையத் தாமதமாகும். தண்ணீரைக் கூட்டிப் பார்ப்பார்கள், நூற்புழுவுக்கு மருந்து வைப்பார்கள், உரத்தை மாற்றுவார்கள். கொடி தேறாது. அப்படி ஒரு கொடியைப் பிடுங்கி அடித்தண்டைக் குறுக்கே அறுத்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும்: மரத்துக்குள் கரும்புள்ளிகள், அல்லது அடியிலிருந்து மேலேறும் கறுப்பு. பெரும்பாலும் இந்த நோய் தோட்டத்துக்கு வந்த பிறகு பிடித்ததல்ல. நாற்றோடு பையிலேயே வந்தது.

மரத்துக்குள் குடியேறிவிட்ட இந்தப் பூஞ்சைகளை வெளியேற்றும் மருந்து எதுவும் இல்லை. இலையில் தெளித்தாலும் வேரில் ஊற்றினாலும் அது தண்டின் உள்மரத்துக்குப் போதுமான அளவில் போய்ச் சேராது. அதனால் தோட்டக்காரர் செய்யக்கூடியது குறைவு, நாற்று உற்பத்தி செய்பவர் செய்யக்கூடியதே அதிகம். குச்சியில் நாம் போடும் ஒவ்வொரு வெட்டிலும் பூஞ்சை நுழைய வழி உண்டு. கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் அந்த வெட்டுகளைக் காப்பதற்குத்தான்.

அறுத்துப் பார்த்தால் என்ன தெரியும்

நல்ல குச்சியின் குறுக்குவெட்டு பச்சை கலந்த வெண்மையாக இருக்கும். நடுவில் உள்ள சோறு இயல்பாகவே பழுப்பு நிறம். அதை நோய் என்று நினைத்துவிட வேண்டாம். கவனிக்க வேண்டியது சோற்றைச் சுற்றியுள்ள மரப்பகுதி.

அங்கே ஊசி குத்தியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்து, சிறிது நேரத்தில் கறுப்புப் பிசின் கசிந்தால் அது பெட்ரி நோய். ஃபேயோமோனியெல்லா, ஃபேயோஅக்ரிமோனியம் ஆகிய பூஞ்சைகளின் வேலை. நெடுக்கில் பிளந்தால் அதே புள்ளிகள் கறுப்புக் கோடுகளாக ஓடும். தாய்க்கொடியிலிருந்து குச்சிக்குள்ளேயே வரும் நோய் இது. வெளியே பார்த்தால் குச்சியில் ஒரு குறையும் தெரியாது, அதுதான் இதன் ஆபத்து.

அடிவெட்டிலிருந்து கறுப்பு மேல்நோக்கி ஏறி, வேர்கள் குறைந்து, இருக்கும் வேரிலும் குழிந்த கரும்புண்கள் இருந்தால் அது கரும்பாத நோய். டாக்டிலோநெக்ட்ரியா, இலியோநெக்ட்ரியா போன்ற மண்வாழ் பூஞ்சைகள் காரணம். இது பையின் மண்ணிலிருந்து, குச்சியின் அடிவெட்டு வழியாக நுழைகிறது.

மரத்தின் ஒரு பக்கம் மட்டும் ஆப்பு வடிவத்தில் பழுப்பாகி, மேல்வெட்டிலிருந்து கீழே காய்ந்துகொண்டு வந்தால் அது பாட்ரியோஸ்பேரியா வகை நுனிக்கருகல். நம் பகுதியின் வெயிலுக்கு இதில் மிகக் கொடியது லேசியோடிப்ளோடியா தியோபுரோமே. மாமரத்தின் நுனிக்கருகலிலும் மாம்பழத்தின் காம்பழுகலிலும் இருப்பது இதே பூஞ்சைதான். அடிவாரத்தில் மாந்தோப்பு ஓரமாகவே நாற்றங்கால் போடுவது வழக்கம். காய்ந்த மாங்கிளைகளை அங்கேயே விட்டு வைத்தால் மழைத்தூறலோடு வித்துகள் நாற்றுக்கு வரும். வெண்ணெய்ப்பழ மரத்தின் காய்ந்த கிளைகளிலும் இந்தக் குடும்பத்துப் பூஞ்சைகள் வாழும்.

குச்சியின் பட்டை வெளிறி, அதன்மேல் மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளிகள் இருந்தால் ஃபோமாப்சிஸ். இதைத் தொட்டுப் பார்த்தே கழித்துவிடலாம்.

தாய்க்கொடியும் வெட்டும் காலமும்

எந்தத் தோட்டத்தில் குச்சி எடுக்கப் போகிறீர்களோ, அங்கே கவாத்துக்கு முன்பே ஒரு முறை நடந்து பாருங்கள். இலை நிறைய இருக்கும்போதுதான் பலவீனமான கொடி தெரியும். இலை ஓரம் தீய்ந்த, ஒரு கை மட்டும் காய்ந்த, வளர்ச்சி குன்றிய கொடிகளுக்குப் பெயின்ட் அடையாளம் வைத்துவிடுங்கள். கவாத்து நாளில் எல்லாக் கொடியும் ஒன்றுபோல் மொட்டையாகிவிடும், அப்போது பிரிக்க முடியாது. வயதான கொடிகளின் உள்மரத்தில் நோய் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். முடிந்தவரை இளம் தோட்டத்தில் எடுங்கள். ஒட்டுக்கட்டும்போது அடியில் வைக்கும் டாக்ரிட்ஜ் போன்ற வேர்ச்செடிக்குத் தாய்க்கொடி வைத்திருப்பவர்கள் அதைத் தரையில் படரவிடக் கூடாது. மண்ணிலும் ஈரத்திலும் கிடக்கும் கொடியில் பூஞ்சை எளிதில் ஏறும். கம்பி கட்டி மேலே ஏற்றுங்கள்.

தமிழ்நாட்டில் குளிர்காலக் கவாத்து டிசம்பர், ஜனவரியில் நடக்கும். நாற்றுக்குக் குச்சி எடுக்க அதுவே சரியான நேரம், ஆனால் அதில் தை மாதம் பிறக்கும் வரை பொறுப்பது நல்லது. மலையின் கிழக்குச் சரிவில் வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விட்டுவிட்டுப் பெய்யும். இந்தப் பூஞ்சைகளின் வித்துகள் மழையில்தான் வெளிப்பட்டுப் பரவும். ஈரத்தில் போட்ட வெட்டு அவற்றுக்குத் திறந்த வழி. மழை நின்று இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய்ந்த பிறகு கத்தரியை எடுங்கள். ஜனவரியில் வைத்த குச்சி ஏப்ரல், மே மாதத்தில் வேர் நிறைந்த நாற்றாகிவிடும், ஜூன், ஜூலை நடவுக்குச் சரியாக இருக்கும். அவசரப்பட்டு டிசம்பர் தூறலில் வெட்டுவதில் ஒரு லாபமும் இல்லை.

தாய்க்கொடியில் விழும் கவாத்துக் காயங்களையும் மூட வேண்டும். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர் சேர்த்த போர்டோ பசையை வெட்டிய அன்றே பூசுங்கள். மண், பிளாஸ்டிக் பாத்திரங்களில் மட்டும் கலக்க வேண்டும். பசை காய்ந்ததும் வெடிக்கும், ஆகவே பெரிய காயங்களுக்கு ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை பூசுங்கள்.

குச்சி

பென்சில் பருமன், அதாவது 8 முதல் 10 மில்லிமீட்டர், நன்கு முற்றிப் பழுப்பேறிய ஓராண்டுக் கொடியின் நடுப்பகுதி. நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர், மூன்று அல்லது நான்கு கணு. அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக. மேல்வெட்டு கணுவுக்கு 2 சென்டிமீட்டர் மேலே சாய்வாக. சாய்வு வெட்டு இருப்பதால் தலைகீழாக நடும் தவறும் வராது.

கத்தரி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தரி மரத்தை நசுக்கும், நசுங்கிய வெட்டுவாய் ஆறாது. ஒவ்வொரு தாய்க்கொடிக்கும் நடுவே கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் பயன்படுத்தினால் கடையில் கிடைக்கும் 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் போதும். ஆனால் அது இரும்பை அரிக்கும், வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் போடுங்கள்.

வெட்டிய ஒவ்வொரு கட்டிலும் நாலைந்து குச்சிகளை அடியில் அறுத்துப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் அந்தக் கொடியின் குச்சிகள் முழுவதையும் விட்டுவிடுங்கள். புள்ளி இல்லாத பாகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு உதவாது; பூஞ்சை கறுப்புத் தெரியும் இடத்தைத் தாண்டியும் இருக்கும்.

ஊறவைக்கும் தொட்டி

நாற்றங்காலில் நோய் ஒரு குச்சியிலிருந்து ஆயிரம் குச்சிக்குப் போகும் இடம் இதுதான். பல கொடிகளின் குச்சிகளை ஒரே சிமென்ட் தொட்டியில் ஒரு நாள் முழுக்க ஊறவைப்பதும், அதே தண்ணீரில் மறுநாள் அடுத்த கட்டைப் போடுவதும் எங்கும் நடக்கிறது. ஒரு நோய்க் குச்சியின் வெட்டுவாயிலிருந்து வெளிவரும் வித்துகள் தண்ணீரில் மிதந்து, தாகமாக இருக்கும் மற்றக் குச்சிகளின் நீர்க்குழாய்களுக்குள் உறிஞ்சப்படும். தண்ணீரில் பூஞ்சைமருந்து போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். வெட்டிய குச்சியைக் காயவிடாமல் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, அன்றோ மறுநாளோ வேலையை முடித்துவிட்டால் நீண்ட ஊறலுக்கே தேவை இராது. ஊறவைத்தே தீர வேண்டுமானால் ஒரு மணி நேரம் போதும். ஒவ்வொரு கட்டுக்கும் புதுத் தண்ணீர் வையுங்கள். மருதாநதி, மஞ்சளாற்று வாய்க்கால் தண்ணீரைவிட ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் நல்லது. வாய்க்கால் நீரில் வயல் மண்ணும் அதோடு மண்வாழ் பூஞ்சைகளும் வரும்.

வெந்நீர்

குச்சிக்குள் ஏற்கெனவே இருக்கும் பூஞ்சையைக் குறைக்க நம்மிடம் இருக்கும் வலுவான கருவி வெந்நீர் ஒன்றுதான். உலகெங்கும் திராட்சை நாற்றங்கால்கள் பின்பற்றும் அளவு 50 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம். பெட்ரி நோயும் கரும்பாத நோயும் இதில் வெகுவாகக் குறையும். லேசியோடிப்ளோடியா சூடு தாங்கும் பூஞ்சை, 50 டிகிரியில் முழுதாகச் சாகாது. அதற்கு மாந்தோப்பு ஓரத்தையும் வெட்டுக்காயங்களையும் காப்பதே வழி.

இங்கே ஒரு எச்சரிக்கை. குளிர் நாடுகளில் கொடி இலையுதிர்ந்து ஆழ்ந்து உறங்கும்போது இந்த வேலையைச் செய்கிறார்கள். நம் அடிவாரத்தில் கொடி முழுதாக உறங்குவதே இல்லை. முற்றாத குச்சியும், மொட்டு வீங்கத் தொடங்கிய குச்சியும் 50 டிகிரியைத் தாங்காது. ஆகவே முதல் ஆண்டில் எல்லாக் குச்சிகளையும் வெந்நீரில் போட்டுவிடாதீர்கள். ஒரே கொடியின் 50 குச்சிகளில் 25-ஐ வெந்நீரில் போட்டு, 25-ஐச் சும்மா வைத்து, இரண்டையும் ஆற்றுமணல் தட்டில் ஊன்றி நான்கு வாரம் பாருங்கள். வெந்நீர்க் குச்சி ஒன்றிரண்டு வாரம் தாமதமாகத் துளிர்ப்பது இயல்பு. துளிர்க்காமலே மொட்டு உள்ளே கறுத்திருந்தால் குச்சி முற்றவில்லை, அல்லது சூடு கூடிவிட்டது.

தேவையான சாமான்: 200 லிட்டர் டிரம், அதில் 150 லிட்டர் தண்ணீர்; ஒன்றரைக் கிலோவாட் ஹீட்டர் ராடு இரண்டு; கம்பி வலைக்கூடை; 0.1 டிகிரி காட்டும் டிஜிட்டல் வெப்பமானி இரண்டு. 22 டிகிரித் தண்ணீர் 50-க்கு ஏற ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே ஆரம்பியுங்கள். பிளாஸ்டிக் டிரம்மானால் ராடு சுவரைத் தொடக் கூடாது. இணைப்பில் எர்த்தும் கசிவு மின்தடுப்பானும் கட்டாயம். மின்சாரத்தை நிறுத்தாமல் யாரும் தண்ணீரில் கை வைக்கக் கூடாது.

வெப்பமானியை முதலில் சோதியுங்கள். நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த குழம்பில் அது 0 காட்ட வேண்டும். கொதிநீரில் சோதிப்பவர்கள் உயரத்தை மறந்துவிடக் கூடாது: வத்தலக்குண்டில் தண்ணீர் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், கொடைக்கானல் உயரத்தில் 93-ஐ ஒட்டியே கொதித்துவிடும். 100 காட்டவில்லை என்று மலையில் வெப்பமானியைத் திருத்தினால், 50 என்று நினைத்து வைக்கும் தண்ணீர் உண்மையில் 50-க்குக் கீழே நிற்கும், பூஞ்சை பிழைத்துக்கொள்ளும்.

செய்முறை:

1. குச்சிகளைப் பருமன் வாரியாகப் பிரித்து, 25 குச்சிக்கு ஒரு கட்டாகத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் நடுக்குச்சிக்குச் சூடு போகத் தாமதமாகும்.
2. தண்ணீரை 51 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தடவைக்கு 500 குச்சிக்கு மேல் போடாதீர்கள். அது சுமார் 10 கிலோ. போட்டதும் தண்ணீர் ஒரு டிகிரிக்கு மேல் இறங்கும், ராடு நாலைந்து நிமிடத்தில் மீட்டுவிடும். அதற்கு மேல் ஏற்றினால் சூடு திரும்பவே நெடுநேரமாகும்.
3. கூடையின் நடுவில் ஒரு வெப்பமானி, ஓரத்தில் ஒன்று. இரண்டும் 50-ஐத் தொட்ட பிறகுதான் 30 நிமிடத்தை எண்ணத் தொடங்குங்கள்.
4. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்தி, மரத்தடியால் தண்ணீரைக் கலக்கிவிடுங்கள். மேல் தண்ணீர் 52, அடித்தண்ணீர் 47 என்று பிரிந்து நிற்பதுதான் இந்த முறை தோற்றுப்போக முக்கியக் காரணம். அரை டிகிரி ஏற்ற இறக்கம் வரை பரவாயில்லை.
5. நேரம் முடிந்ததும் கூடையைத் தூக்கி உடனே சுத்தமான குளிர்ந்த நீரில் 30 நிமிடம் மூழ்க வையுங்கள். காற்றில் ஆறட்டும் என்று விட்டால் உள்ளே வெப்பம் தொடர்ந்து மொட்டைக் கொல்லும்.
6. நிழலில் நீர் வடியவிடுங்கள். சூடு முழுதும் தணியாமல் பாலித்தீனில் சுற்றினால் குச்சி காற்றில்லாமல் புளித்துவிடும், அவிழ்க்கும்போது அந்த வாடையே சொல்லிவிடும்.

வெந்நீரில் எந்த மருந்தும் கலக்க வேண்டாம். இன்னொன்று: வெந்நீர் கண்ட குச்சியில் நோய்ப்பூஞ்சையோடு நல்ல நுண்ணுயிரும் அழிந்திருக்கும். அடுத்து அதில் முதலில் குடியேறுவது எதுவோ அதுவே நிலைக்கும்.

டிரைக்கோடெர்மாவா, மருந்தா

டிரைக்கோடெர்மா என்பது நோய்ப்பூஞ்சைகளை அடக்கும் நல்ல பூஞ்சை. அது, பூஞ்சைமருந்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கார்பென்டாசிமோ செப்பு மருந்தோ பட்ட இடத்தில் டிரைக்கோடெர்மா பிழைக்காது. வெந்நீர் முறை செய்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை டிரைக்கோடெர்மா. குளிர்ந்த குச்சியின் அடிப்பாகத்தை லிட்டருக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கரைத்த நீரில் 30 நிமிடம் வைத்து, அப்படியே பையில் ஊன்றுங்கள். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். வெயிலில் கிடந்த, காலாவதியான பொட்டலத்தில் உயிருள்ள வித்து இருக்காது.

வெந்நீர் செய்ய முடியாதவர்கள் லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டாசிம் கரைசலில் குச்சியை 30 நிமிடம் முழுதாக மூழ்கவைக்கலாம். இது வெட்டுவாயின் மேற்பகுதியைக் காக்கும், உள்மரத்து நோயைத் தீர்க்காது. வாங்குமுன் அந்த மருந்துக்குத் தற்போது அனுமதி உண்டா என்று தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் வேண்டாம்.

வேரூக்கி ஐ.பி.ஏ. தொடுபவர்கள் பெரிய பாத்திரத்தில் எல்லாக் குச்சியையும் முக்காமல், சிறு கிண்ணத்தில் ஊற்றித் தொட்டு, கட்டுக்குக் கட்டு மாற்றுங்கள். ஊறல் தொட்டியில் நடப்பதேதான் இங்கும் நடக்கும்.

பையின் மண்

கரும்பாத நோயை இங்கேதான் தடுக்க வேண்டும். செம்மண், ஆற்றுமணல், மக்கிய தொழுவுரம் சம பங்கு. திராட்சை இருந்த நிலத்து மண் எக்காரணத்தாலும் கூடாது. அழிந்த கொடியின் வேரோடு அந்தப் பூஞ்சை மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும்.

மண்ணை முந்தைய கோடையிலேயே சூரிய வெப்பமூட்டித் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே வெயிலில் ஈரப்படுத்திய மண்ணை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து ஆறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் அந்த அளவு சூடு தராது. பண்ணைக்காடு, தாண்டிக்குடி உயரத்தில் மேகமூட்டத்தால் இது சரியாக வேலை செய்யாது, அடிவாரத்தில் செய்து மேலே ஏற்ற வேண்டும். நாற்றங்காலுக்கே நாங்கள் அடிவாரத்தைத்தான் சொல்வோம். மலைமேல் பனிமூட்டமும் ஓயாத ஈரமும் திராட்சை நாற்றுக்கு ஆகாது.

தொழுவுரத்தை 100 கிலோவுக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா கலந்து, கைக்கு ஈரம் தெரியும் அளவு தண்ணீர் தெளித்து, நிழலில் ஈரச் சாக்கால் மூடி 15 நாள் வையுங்கள். நாலு நாளுக்கு ஒருமுறை புரட்டிவிட்டு, பிறகு வெப்பமூட்டிய மண்ணோடு சேருங்கள். வரிசையை மாற்றி, முதலில் கலந்துவிட்டுப் பிறகு வெப்பமூட்டினால் டிரைக்கோடெர்மாவும் போய்விடும்.

பைகளைத் தரையில் நேரடியாக அடுக்காமல் ஜல்லி பரப்பிய மேட்டில் வையுங்கள். பையின் அடித்துளை வழியே வேர் தரைமண்ணைத் தொட்டால் இவ்வளவு சுத்தமும் வீண். தண்ணீர் தேங்கும் பையில் வேர் மூச்சுமுட்டும், அந்த வேரைத்தான் கரும்பாதப் பூஞ்சை முதலில் பிடிக்கும். மேல்மண் காய்ந்த பிறகு நீர் விடுங்கள். தினமும் மாலையில் குழாயால் நனைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

ஒட்டுச்செடி செய்பவர்களுக்கு

வேர்க்குச்சியில் மொட்டு நீக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு காயம், அதை ஆழமாகத் தோண்டாமல் மேலோட்டமாகச் சீவுங்கள். ஆப்பு ஒட்டில் இரு குச்சிகளும் ஒரே பருமனாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இடைவெளி விட்டால் அந்த இடம் மூடாமல் நின்று நுனிக்கருகல் பூஞ்சை நுழையும். ஒட்டுக்கத்தியைக் கட்டுக்குக் கட்டு ஆல்கஹாலில் துடைத்து, ஒட்டிய உடனே நாடா சுற்றி, மேல்வெட்டுக்கு மெழுகு வையுங்கள்.

கழித்தல்

நாற்றை விற்குமுன் நூற்றுக்கு ஐந்து பையைப் பிரித்துப் பாருங்கள். வேர் அடிவெட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் வந்திருக்க வேண்டும். ஒரே பக்கம் கொத்தாக வேர் விட்டு, மறுபக்கம் அடிவெட்டு கறுத்திருந்தால் அந்த நாற்று தோட்டத்தில் நிற்காது. ஒட்டுச்செடியில் ஒட்டுவாயைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளுங்கள், பிளந்தால் கழியுங்கள். பிறகு ஐந்தையும் அடியிலும் நடுவிலும் அறுத்துப் பாருங்கள். ஒன்றில் கரும்புள்ளி இருந்தால் இன்னும் பத்தை அறுங்கள். அதிலும் வந்தால் அந்தத் தாய்க்கொடியின் நாற்று முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும். பதினைந்து பை வீணாகிறதே என்று தயங்குபவர்கள், வாங்குபவர் பந்தலுக்குச் செலவழிக்கும் கல்லுக்கால், கம்பி, மூன்று ஆண்டு உழைப்பு ஆகியவற்றை அந்தப் பையின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒதுக்கிய நாற்றையும் கவாத்துக் கழிவையும் அன்றே எரித்துவிடுங்கள். நறுக்கி மூடாக்காகப் போடுவதோ, விறகுக்கென்று நாற்றங்கால் வேலியோரம் குவிப்பதோ கூடாது. காய்ந்த குச்சியின் பட்டையில் பூஞ்சை வித்து அடுத்த மழைவரை உயிரோடு இருக்கும். எந்தத் தாய்க்கொடியின் குச்சி எந்த வரிசையில் போனது என்று பை வரிசைக்கு ஓர் எண் எழுதி வைத்திருந்தால், ஒதுக்கும்போது அந்தக் கொடியை நேரே போய் அடியோடு வெட்டி எடுத்துவிடலாம்.